உண்ணிக் காய்ச்சல் வந்த செம்பிக்கு மாத்திரை உள்ளே தங்க மாட்டேன் என்கிறது

கோவில்பட்டி தையல்கடை எழுதியது (முதல் பதிவு)

எல்லாருக்கும் வணக்கம். என் நாய் செம்பிக்கு உண்ணிக் காய்ச்சல். மாத்திரை ஆரம்பித்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

செம்பி நாட்டு நாய், பெண். 2021 ஊரடங்கில் எங்கள் தெரு முக்குக் குழாயடியில் கிடந்தாள், உள்ளங்கை அளவு குட்டி. இப்போது நாலு வயது, பதினெட்டு கிலோ. பகல் முழுக்க என் தையல் மிஷினுக்கு அடியில்தான் படுப்பாள். பெடல் ஆடுகிற சத்தம் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது.

போன ஞாயிற்றுக்கிழமை கருவாடு போட்ட சோற்றை மோந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டாள். கருவாட்டை விட்டுவிட்டுப் போகிற நாய் இல்லை அவள். சரி, வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். திங்கள்கிழமையும் சுருண்டே கிடந்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு ரவிக்கைக்கு வெட்டி வைத்த வெள்ளை லைனிங் துணி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று சிவப்புப் பொட்டு. ஊசி என் விரலில்தான் ஏறிவிட்டது என்று நினைத்து பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் காயம் இல்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். செம்பியின் இடது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சில்லுமூக்கு உடைந்த பிள்ளை மாதிரி அவள் அதை நக்கி நக்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்துப்போய் இருந்தது. அடிவயிற்றில் கேழ்வரகு தூவின மாதிரி சிவப்புப் புள்ளிகள். காய்ச்சல் 104.6. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் 28,000தான் இருக்கிறது, நல்ல நாய்க்கு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும் என்றார். ஹீமோகுளோபின் 7.2. 'எர்லிக்கியா' என்ற கிருமி, உண்ணி கடித்து வருவது என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, டாக்சிசைக்ளின் மாத்திரை காலையும் மாலையுமாக 28 நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.

காய்ச்சல் மூன்றாம் நாளே 102.4க்கு இறங்கிவிட்டது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறேன், அரை மணி நேரத்தில் நுரை நுரையாக வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொடு என்கிறார். மாமியார் உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். நேற்று ராத்திரி சாமி படத்துக்குப் பின்னால் சுவரில் வரிசையாக உண்ணி ஏறுகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு, அவர்களுக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.

சித்திரையிலேயே அவள் காதுக்குள் உண்ணியைப் பார்த்தேன். பத்துப் பதினைந்தைக் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, கல்யாண சீசன் தையல் தலைக்கு மேல் இருந்ததால் அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. அது ஒன்றுதான் என் மனதைப் போட்டு அறுக்கிறது.

பொள்ளாச்சித் தோப்புக்காரர் எழுதியது

தங்கச்சி, முதலில் அந்தப் பாலை நிறுத்துங்க. டாக்சிசைக்ளினைப் பாலில் கொடுக்கவே கூடாது. பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தயிர், மோர், கால்சியம் டானிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நானும் நாலு நாள் பாலில் கொடுத்தவன். டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

வாந்திக்குக் காரணம் வெறும் வயிறு. இந்த மாத்திரை காலி வயிற்றில் போனால் குமட்டும். அதனால் கொஞ்சமாவது உள்ளே போன பிறகு கொடுங்க. நான் செய்தது இதுதான்: கோழி ஈரலை வெறும் தண்ணீரில் வேகவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூக்கருகில் காட்டுவேன். ஆறிப்போன சோற்றில் வாசம் இருக்காது, காய்ச்சல் நாய்க்கு வாசம்தான் பசியைக் கிளப்பும். இரண்டு துண்டு தின்றதும் மூன்றாவது துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுப்பேன். அதன் பிறகு மாத்திரை இல்லாத ஒரு துண்டு. கடைசியில் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாக மெதுவாக விடுங்க. இந்தத் தண்ணீரை மறக்கவே கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகிவிடும், அப்புறம் வலிக்குப் பயந்தே நாய் வாயைத் திறக்காது.

வீட்டில் வைக்கிற கோழி ரசத்தைக் கொடுத்துவிடாதீங்க. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்து கிடக்கிற உயிருக்கு அது விஷம்.

இவ்வளவு செய்தும் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்க, வாந்தி நிற்க ஊசி போடுவார். நீங்களாக மாத்திரையைப் பாதியாக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நிறுத்துவதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். என் ராசாவுக்கும் இதே காய்ச்சல்தான். எட்டாம் நாள் எழுந்து தோப்புக்குள் மயிலைத் துரத்திக்கொண்டு ஓடினான். பத்தாம் நாள் ஒரு தட்டு சோற்றை வழித்து நக்கினான். இனி என்ன என்று பதினோராம் நாளோடு மாத்திரையை விட்டுவிட்டேன். மிச்ச மாத்திரை இன்னும் அலமாரியில் இருக்கிறது. நாலு மாதம் கழித்து மறுபடி படுத்தான். இந்த முறை கிருமி எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்விட்டது, உடம்பு புது ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிட்டது என்றார்கள். காப்பாற்ற முடியவில்லை. களத்து மேட்டில் வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு நாள் என்றால் இருபத்தெட்டு நாள், தங்கச்சி. செம்பி எழுந்து ஓடினாலும் சரி, நாளைக்கே ஓடினாலும் சரி.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் எழுதியது

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் கால்நடைத் துறையில் ஊர் ஊராகப் போனவன் நான். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். உண்ணியைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காய்ச்சல் மூன்றாம் நாளே இறங்கியது நல்ல அறிகுறி. இந்தக் கிருமிக்கு மருந்து பிடித்தால் ஓரிரு நாளில் சூடு இறங்கும். ஆனால் கிருமி ஒளிந்திருப்பது வெள்ளணுவுக்கு உள்ளேயும் மண்ணீரலிலும். நாய் துள்ளி ஓடும்போதும் அது உள்ளேதான் இருக்கும். தோப்புக்காரத் தம்பி சொன்னதன் காரணம் இதுதான்.

ஒன்றை மட்டும் தினமும் கவனியுங்கள். மூத்திரம் என்ன நிறம்? கட்டங்காப்பி நிறத்திலோ, ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாகவோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அதே உண்ணி 'பபீசியா' என்று இன்னொன்றையும் கொண்டு வரும். அது சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கிற கிருமி. டாக்சிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது, வைத்தியமே வேறு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதில் சிக்காவிட்டால் பிசிஆர் பரிசோதனை இருக்கிறது. உங்களுக்குத் திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டுகிற தூரம்தான்.

இப்போது சாமி படத்துக்குப் பின்னால் ஏறுகிற உண்ணி. இது பழுப்பு நாய் உண்ணி. மாட்டு உண்ணி மாதிரி காட்டிலும் கொட்டிலிலும் மட்டும் இருக்காது, வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். எப்போதும் மேலே ஏறுவது அதன் குணம். ரத்தம் குடித்து மொச்சைக் கொட்டை மாதிரி உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசல், நிலைப்படி இடுக்கு, சுவிட்சுப் பெட்டிக்குப் பின்புறம் என்று ஒதுங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரித்து வருகிற குஞ்சுக்கு ஆறு கால், கடுகைவிடச் சின்னது. அது வளர்ந்து முடிவதற்குள் மூன்று முறை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிச் சுவருக்குப் போய்விடும். பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதனால் நாயில் பத்தைப் பிடுங்கினால் சுவரில் நூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தோல் வெந்துவிடும், நக்கினால் குடலும் நுரையீரலும் கெடும். உண்ணியைக் கையால் நசுக்கவும் கூடாது. அதன் ரத்தம் விரல் காயத்தில் படக்கூடாது. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செம்பியைத் தொடுவதால் பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் ஒட்டாது. பிள்ளைகளை உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டை ஒரு மூலை விடாமல் காலி செய்யுங்கள். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள், விரிசலை சிமெண்டால் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். அவள் படுக்கிற சாக்கை எரித்துவிடுங்கள். மருந்து அடிக்க ஆள் வைத்தால் தரை காயும்வரை நாயும் பிள்ளைகளும் வெளியே இருக்கட்டும். அதுவும் ஒரு தடவையோடு தீராது. முட்டை பொரிக்கும், மூன்று வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெர்மெத்ரின் வகை மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

செம்பிக்கு உண்ணி ஏறாமல் இருக்க இப்போது வாய்வழி மாத்திரைகள் இருக்கின்றன. அஃபோக்சோலனர் மாதம் ஒன்று, ஃப்ளுராலனர் மூன்று மாதத்துக்கு ஒன்று. எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு அவர் எழுதித் தருவதை வாங்குங்கள்.

பப்பாளி இலைச் சாற்றால் பிளேட்லெட் ஏறியது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் வாந்தி எடுக்கிற வயிற்றில் அந்தக் கசப்பை ஊற்றி, இருக்கிற கொஞ்சநஞ்ச சாப்பாட்டையும் வெளியேற்றிவிடக் கூடாது என்பது என் கருத்து. மாத்திரைக்குப் பதிலாக அதை நினைத்துவிடாதீர்கள்.

சித்திரையைப் பற்றி வருத்தப்பட்டது போதும். ரத்தப்பொட்டைக் கண்ட அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். பத்து நாள் கழித்துக் கொண்டுவந்த வீடுகளையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

கோவில்பட்டி தையல்கடை எழுதியது

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அண்ணா, உங்கள் ராசாவைப் பற்றிப் படித்துவிட்டு மிஷினில் தலையைச் சாய்த்து அழுதேன்.

நேற்று ராத்திரியே ஈரல் வாங்கிவந்து அவித்தேன். முதல் துண்டை நாக்கு நுனியால் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். என் உள்ளங்கையில் வைத்து நசுக்கி அவள் உதட்டில் தடவினேன். நக்கினாள். அப்புறம் ஒரு துண்டு, அப்புறம் இன்னொன்று. மாத்திரை வைத்த துண்டு போனதே தெரியவில்லை. சிரிஞ்சுத் தண்ணீருக்குத்தான் முகத்தைச் சுளித்தாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாந்தி இல்லை!

காலையில் மூத்திரம் போகும்போது பின்னாலேயே போய் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள்தான், காப்பி நிறம் இல்லை. ஆனால் நடக்கும்போது பின்கால் தள்ளாடுகிறது. மூக்கில் மறுபடி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பிளேட்லெட் இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாய்க்கு ரத்தம் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது?

வேளச்சேரி ராத்திரி ஷிப்ட் எழுதியது

அக்கா, என் பிரவுனிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தம் ஏற்றியிருக்கிறோம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. உங்களுக்கு அது தூரம். ஆனால் ரத்த வங்கி இல்லாத இடத்திலும், கொடுக்கிற நாயைக் கூட்டிவந்து அங்கேயே எடுத்து ஏற்றலாம். அதனால் இன்றைக்கே ஒரு நாயைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள், நாங்கள் அப்படித்தான் அலைந்தோம்.

கொடுக்கிற நாய் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். வயது ஒன்றுக்கு மேல், கிழடாகவும் இருக்கக் கூடாது. தடுப்பூசியெல்லாம் போட்டு, அதற்கும் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று ரத்தம் பார்த்திருக்க வேண்டும். நாய்க்கும் ரத்த வகை உண்டு. முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஆனாலும் இரண்டு ரத்தத்தையும் கலந்து சேருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுவதுதான் நல்லது. எங்களுக்குக் கிடைத்தது அடுத்த தெரு ஜெர்மன் ஷெப்பர்ட். அந்த வீட்டு அங்கிளோடு அதற்கு முன்னால் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள். தும்மினால் இன்னும் கிழியும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மூக்குத் தண்டின் மேல் வைத்து, சத்தம் இல்லாத இடத்தில் படுக்க வையுங்கள். இந்த நாட்களில் எலும்பு வேண்டாம், ஈறு கீறினால் ரத்தம் நிற்காது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வலியில் இருக்கிறாளே என்று நம் வீட்டு வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள் அக்கா. பிளேட்லெட் குறைந்திருக்கும்போது அது வயிற்றுக்குள் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பிரவுனி படுத்திருந்த அந்த வாரம் நான் காப்பியில்தான் ஓட்டினேன், கடைசியில் நானும் படுத்துவிட்டேன். ராத்திரி நான் முழித்துத்தான் இருப்பேன். பயமாக இருந்தால் இங்கே எழுதுங்கள்.

கோவில்பட்டி தையல்கடை எழுதியது (எட்டாம் நாள்)

இன்று மறுபடி ரத்தம் பார்த்தோம். பிளேட்லெட் 81,000! ரத்தம் ஏற்றத் தேவை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வேளச்சேரித் தங்கச்சி சொன்னபடி ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பருத்தி மில் காவல்காரர் வீட்டில் முப்பது கிலோ ராஜபாளையம் ஒன்று இருக்கிறது. அவருக்கு நான் சட்டை தைத்துக் கொடுத்த பழக்கம் உண்டு. எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நாங்கள் வீட்டையும் காலி செய்துவிட்டோம். சாமி படங்களை இறக்கினால் ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் கொத்துக் கொத்தாக உண்ணி. தையல் மிஷின் மேசை இடுக்கிலும் இருந்தது, அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே. மாமியாரே கொதிநீர் கொண்டுவந்து ஊற்றினார். மண்ணெண்ணெய்ப் பேச்சு நின்றுவிட்டது.

கோவில்பட்டி தையல்கடை எழுதியது (இருபத்தெட்டாம் நாள்)

அண்ணா, இன்று மாலை கடைசி மாத்திரை. பதிமூன்றாம் நாளே செம்பி பால்காரர் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். அப்போது எனக்கு ராசாவின் நினைவுதான் வந்தது. ஒரு வேளைகூட விடவில்லை. தினமும் காலண்டரில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். ஐம்பத்தாறு கோடு இருக்கிறது.

பிளேட்லெட் 2,14,000. ஹீமோகுளோபின் 11.6. ஈறு இளஞ்சிவப்பாகிவிட்டது, பிள்ளைகள் அடிக்கடி உதட்டைத் தூக்கிப் பார்த்து அவளைத் தொந்தரவு செய்கிறார்கள். எடைதான் இன்னும் பதினாறரை. உண்ணி மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது, அடுத்தது எப்போது என்று காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். சுவருக்கு இரண்டாம் தடவை மருந்து அடித்தோம், போன முறை அளவுக்கு இல்லை, நாலைந்துதான் விழுந்தது.

ஐயா, மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆவணியில் போகிறோம், வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் ஒரு சந்தேகம்: அவள் மறுபடி மிஷினுக்கு அடியிலேயே படுக்க வருகிறாள். மேசையின் பழைய பலகையை மாற்றிவிடலாமா, இல்லை இடுக்கை அரக்கு வைத்து அடைத்தால் போதுமா?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் எழுதியது

பலகை நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம் அம்மா. ஒரு முறை வெயிலில் கவிழ்த்துப் போட்டு, இடுக்கில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் அரக்கு வைத்து அடைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள். செம்பி அங்கேயே படுக்கட்டும்.

பொள்ளாச்சித் தோப்புக்காரர் எழுதியது

ஐம்பத்தாறு கோடு போட்ட அந்தக் காலண்டரைப் படம் எடுத்துப் போடுங்க தங்கச்சி. வீட்டில் காட்ட வேண்டும். போன மாதம் ஒரு குட்டி வந்திருக்கிறது.